மறதிக்கார மதர்போர்டு: இரண்டரை வருட அனுபவம்

“உன் பழைய கம்ப்யூட்டர் டப்பா இன்னும் ஓடுதாடா? பத்துக்கு எத்தனை மார்க் போடுவே? நானும் உன்னை மாதிரி பிராசசரை மட்டும் மாத்திட்டு இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிடலாம்னு பாக்குறேன்.”

போன வாரம் நண்பன் கேட்டது. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து இதே கேள்வியை நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். புது செட் என்றால் டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேமும் சேர்த்து வாங்கியாக வேண்டும், பட்ஜெட் அங்கேயே பல்லிளிக்கிறது. ஓடுகிறது என்று ஒரு வார்த்தையில் அவனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையில் பேச வராது.

2017இல் கட்டியது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 போர்டு, 2400 வேக ரேம், 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. போர்டு எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், பெயரைச் சொன்னால் கூடவே வேறு வார்த்தையும் வந்துவிடும்.

2023இல் கையில் இருந்த பணத்துக்கு ஒன்று பிராசசர், இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் சேர்ந்து கிடையாது. எல்லோரும் கார்டைத்தான் மாற்றச் சொன்னார்கள். ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். கேமில் எல்லா செட்டிங்கையும் ‘லோ’வுக்கு இறக்கி, ரெசல்யூஷனையும் குறைத்தேன். கார்டில் குறை இருந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குதித்து ஏற வேண்டும். ஒரு இஞ்ச் நகரவில்லை. கார்டின் பயன்பாடு அறுபது சதவீதத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துபோனது. ரைசன் 5 5600 வாங்கினேன், கூடவே பழைய 2400 ரேமைக் கொடுத்துவிட்டு இரண்டாம் கையாக 3200 ரேம் எட்டு ஜிபி இரண்டு.

நண்பா, இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படி. பயாஸ் (போர்டு எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட்டைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பி350 மாதிரி 300 வரிசை போர்டுகளில் 5000 வரிசை பிராசசருக்கு முறையான ஆதரவு வந்ததே 2022இல்தான். பல பழைய போர்டுகளில் பயாஸ் சிப் வெறும் 16 எம்பி, புதுசுக்கு இடம் கொடுக்கப் பழையதைத் துரத்தியிருக்கிறார்கள். என் போர்டில் நேராகக் கடைசி பதிப்புக்கும் போக முடியாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் அடுத்தது. அதெல்லாம் முடிந்து பார்த்தால் பழைய பயாஸ் திரையின் கலரும் படமும் போய், மொட்டை மெனு ஒன்று உட்கார்ந்திருந்தது. போகட்டும், அழகு பார்க்கவா போகிறோம்.

அடுத்து பிராசசர் மேல் உட்காரும் கூலரைக் கழற்றியது. அவசரத்தில் நேராக மேலே இழுத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஆறு வருடம் காய்ந்த தெர்மல் பேஸ்ட் சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பல் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். ஏஎம்4 (என் போர்டின் சாக்கெட் வகை) பிராசசரின் அடியில் 1331 பின்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே கோட்டில் நிற்க, ஒரு மூலையில் மூன்று மட்டும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தன. அதை விற்றுத்தான் ரேம் செலவைச் சரிக்கட்ட வேண்டும், தூக்கிப் போட முடியாது. லெட்டை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக் குழாயைப் பின் மேல் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். இருபது நிமிடம் ஆனது. நீ அப்படிச் செய்யாதே. முதலில் கால்மணி நேரம் ஏதாவது கேம் ஓட்டு, பேஸ்ட் இளகட்டும். அணைத்த சூட்டோடு கூலரை இடமும் வலமுமாகத் திருகி, அது வழுக்கிக்கொடுத்த பிறகு தூக்கு.

முதல் முறை ஆன் செய்ததும் புது பிராசசரைக் கண்டுகொண்டு, டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) தகவலை அழிக்கட்டுமா என்று கேட்கும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஒய்’ அழுத்து.

அன்று இரவு கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறியது உண்மைதான், நான் மயங்கியது அதில் இல்லை. திறந்தவெளி கேமில் நகரத்துக்குள் வேகமாக வண்டி ஓட்டும்போது ஒரு வளைவு வரும். ஆறு வருடமாக அந்த வளைவில் படம் ஒரு கணம் திக்கும், வண்டி தடுப்பில் போய் முட்டும். அந்த இடத்துக்கு முன்னாலேயே பிரேக் போடக் கை பழகியிருந்தது. அன்றைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. திரும்பி வந்து மறுபடி போனேன், மறுபடியும். பழைய 1600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) எட்டு எட்டு எம்பியாக இரண்டு துண்டு, ஒரு பக்கத்துக் கோர் மறுபக்கம் கேட்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 5600இல் ஆறு கோருக்கும் பொதுவாக ஒரே 32 எம்பி. எண்ணாகப் படித்தபோது இது உறைக்கவில்லை, அந்த வளைவில்தான் புரிந்தது. கார்டு இன்னும் பழைய 1060தான், ஞாபகம் இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து அதே வளைவில் படம் திக்கியது.

என்ன அப்டேட் வந்து கெடுத்ததோ என்று டிரைவரை எல்லாம் மாற்றிப் பார்த்து ஒரு வார இறுதியை வீணாக்கினேன். கடைசியில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 2133. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி செட்டிங்கை போர்டு மறந்துவிட்டது. ரைசனில் ரேம் வேகம் குறைந்தால் ரேம் மட்டும் குறைவதில்லை. கோர்களையும் மெமரியையும் இணைக்கிற உள் பாதையும் அதே தாளத்தில்தான் ஓடுகிறது, 3200 ரேமுக்கு 1600 மெகாஹெர்ட்ஸ். அது தளர்ந்தால் காசு கொடுத்து வாங்கிய வழவழப்பு மொத்தமும் போச்சு.

டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும்கூட மறந்திருந்தது. நண்பர்கள் காத்திருக்க, இவை இல்லாமல் ஆன்லைன் ஷூட்டர் கேம் உள்ளே விடமாட்டேன் என்றது. மூலையில் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது, தேதி தப்பானதால் பாதி இணையதளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று கதவடைத்தன. தேதி போனால் பேட்டரி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல், மூன்று வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் இரண்டுக்கும் கீழே. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், கார்டைக் கழற்றாமல் எட்டாது. இதை வடிவமைத்தவர் ஒருமுறையாவது தன் கையால் அந்த செல்லை மாற்றிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. மாற்றினேன். தேதி நின்றது, டிபிஎம் நின்றது.

ரேம் மட்டும் மறுபடி 2133க்குப் போனது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோய். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த பெட்டியை எழுப்பும்போது போர்டு ரேமோடு பேசிப் பார்க்கிறது. 3200இல் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்து முயல்கிறது, பிறகு சத்தமில்லாமல் 2133இல் சமாதானமாகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை கிடையாது. கடிகாரம் சரியாக இருந்து ரேம் வேகம் மட்டும் விழுந்திருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதே. ரேமைக் கழற்றித் துடைத்து, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வோல்ட்டேஜை ஒரு துளி ஏற்றினேன், பலனில்லை. கடைசியில் 3200 ஆசையை விட்டு 2933இல் நிறுத்தினேன். வாரம் இரண்டு முறை வந்தது இப்போது மாதம் ஒருமுறை. நின்றுவிடவில்லை. தினமும் காலையில் பெட்டியை ஆன் செய்ததும் மெயில் பார்ப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எண்ணைப் பார்ப்பது எனக்குப் பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் 2017இல் இந்த போர்டைச் செய்தவர்கள் இந்தப் பிராசசரைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து முதல் ரைசனுக்கு அதிகாரபூர்வ ரேம் வேகமே 2666தான். நாலு தலைமுறை ஒரே சாக்கெட்டில் உட்காருவது சாதாரண விஷயமா? 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 பட்டியலில் இடமில்லாத 1600ஐ வைத்துக்கொண்டு நான் முழிக்கவில்லை. போன வருடம் பணம் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 கார்டும் போட்டேன். 8 ஜிபி, 132 வாட், பழைய பவர் சப்ளையே தாங்குகிறது. கார்டை இணைக்கிற பிசிஐஇ பாதை என் போர்டில் பழைய 3.0, அந்தக் கார்டோ அதில் எட்டு லேனில் மட்டும் ஓடுவது, கொஞ்சம் இழப்பு உண்டு. பார்த்தால் தெரியவில்லை. கார்டைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பெருமை.

ஆக, நண்பா, மாற்று. உன்னுடையதும் ஏஎம்4 என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிராசசரை மாற்று. ஆனால் போர்டு எந்த மாடல் என்று முதலில் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. என்னுடையதே என்றால் வேண்டாம், சும்மா இரு, அந்தக் காசுக்கு நல்ல நாற்காலி வாங்கு.

மார்க் கேட்டாய். போன வாரம் கேட்டபோதே எழுதியிருந்தால் எட்டு போட்டிருப்பேன், அப்போது இருபத்தாறு நாளாக 2933. இன்று காலை மறுபடி 2133. நாலு.