புக்கெட் சாண்ட்பாக்ஸ்: பயன்படுத்திய ஒருவரின் மதிப்பீடு

கொரோனா காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளை மீண்டும் வரவழைக்கத் தாய்லாந்து அரசு 2021 ஜூலை 1 அன்று புக்கெட் தீவில் தொடங்கிய ‘சாண்ட்பாக்ஸ்’ திட்டத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை ஓர் அரசுக் கொள்கையாகவே பார்த்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய சேவையாக அதை எடைபோட்டவர்கள் குறைவு. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த ஆண்டு மனைவியுடன் இத்திட்டத்தின் கீழ் அங்கே தங்கினேன். ஆகவே விடுதிக்கோ விமானச் சேவைக்கோ எழுதுவதைப் போல இதற்கும் ஒரு மதிப்பீடு எழுதலாம் என்று தோன்றியது. தீவில் இறங்கிய பிறகு கிடைத்த சேவையில் பெரிய குறையில்லை. இறங்குவதற்கு முன் நம்மை அலைக்கழித்த விதமும், ஏதேனும் தவறினால் முழுச் சுமையையும் பயணியின் தலையிலேயே கட்டிய விதமும்தான் இதன் மதிப்பைக் குறைக்கின்றன.

இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து வருபவர்கள் அறைக்குள் அடைபடாமல் தீவு முழுவதும் சுற்றலாம், 14 இரவுகள் கழிந்தபின் தாய்லாந்தின் பிற பகுதிகளுக்கும் போகலாம் என்பதே திட்டம் தந்த வாக்குறுதி. அதே காலத்தில் பாங்காக்கில் இறங்கியவர்கள் அந்த இரண்டு வாரத்தையும் ஒரு விடுதி அறையின் நான்கு சுவர்களுக்குள் கழிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இது பெரிய சலுகைதான். சிறைக்கும் சுற்றுலாவுக்கும் நடுவில் எங்கோ இருந்த இந்த ஏற்பாட்டை விளம்பரங்கள் ‘தனிமைப்படுத்தல் இல்லை’ என்று விற்றன. உண்மையில் அறையளவு இருந்த தனிமைப்படுத்தலைத் தீவளவுக்கு விரித்திருந்தார்கள்; அதைச் சொல்லியே விற்றிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

எரிச்சல் தொடங்கும் இடம் நுழைவுச் சான்றிதழ். தூதரகத்தின் முதற்கட்ட ஒப்புதல் வந்தவுடன் விமானச் சீட்டு, ‘எஸ்.எச்.ஏ. பிளஸ்’ தரச்சான்று பெற்ற விடுதியில் முழுக் கட்டணம் செலுத்திய முன்பதிவு, குறைந்தது 1,00,000 டாலர் மதிப்புள்ள கொரோனா காப்பீடு என எல்லாவற்றையும் வாங்கி, அவற்றின் சான்றுகளைப் பதிவேற்றிய பிறகுதான் இறுதி ஒப்புதல் கிடைத்தது. தீவில் செய்யப்படவிருந்த மூன்று ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனைகளுக்கு ஆளுக்கு 8,000 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டியிருந்தது. இவற்றுக்கு மேல், புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டியிருந்தது. அந்த முடிவு பாதகமாக வந்தால் மேற்கண்ட செலவுகளில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை ஒரே இடத்தில் தெளிவாகச் சொல்லும் பக்கம் ஒன்று கூட என் கண்ணில் படவில்லை. இறுதிச் சான்றிதழ் புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் வந்தது; அதுவரை பெட்டி கட்டலாமா வேண்டாமா என்பதே வீட்டில் பேச்சாக இருந்தது.

விமான நிலையத்தில் கதை முற்றிலும் மாறியது. ஆவணங்களைச் சரிபார்ப்பது, மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுப்பது, இருப்பிடத்தைக் கண்காணிக்கும் ‘மோர்சனா’ செயலி கைபேசியில் இருக்கிறதா என்று பார்ப்பது, விடுதி வாகனத்தில் ஏற்றி அனுப்புவது என ஒவ்வொரு கட்டமும் தடங்கலின்றி நகர்ந்தது. பாதுகாப்புக் கவச உடைக்குள் வியர்த்து நின்ற பணியாளர்கள் ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. முடிவு வரும்வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. நல்ல முடிவு வந்ததும் விடுதியினர் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். அதன்பின் கடற்கரைக்கு இறங்கலாம்.

ஆனால் இறங்கி என்ன செய்வது? ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புக்கெட்டின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படோங், கட்டா, கரோன் கரைகளில் குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள். படோங்கில் இரவெல்லாம் இரைச்சலோடு இருந்த பங்களா சாலையில் மதுக்கூடங்கள் மூடிக் கிடந்தன, வரிசையாகப் பல கடைகளின் இரும்புக் கதவுகளில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்கியது. கூட்டமில்லாத கடற்கரையை விரும்புபவருக்கு இது வரம். தீவின் கலகலப்பைத் தேடி வந்தவருக்கு ஏமாற்றம். எனக்கு நிறைவு தந்தது புக்கெட் நகரத்தின் தலாங் சாலைதான். சீன, போர்த்துக்கீசியச் சாயல் கலந்த பழைய கடைவீடுகளின் முன் யாரும் முண்டியடிக்காமல் நின்று பார்க்க முடிந்தது. விடுதிக் கட்டணமும் வழக்கமான விலையோடு ஒப்பிட்டால் மலிவு.

இத்திட்டத்தின் மிக மோசமான அம்சம் நெருங்கிய தொடர்பு விதி. விமானத்தில் நம் இருக்கைக்கு அருகில் அமர்ந்த ஒருவருக்குத் தொற்று உறுதியானால், நம்முடைய முடிவு நன்றாக இருந்தாலும் நம்மையும் தனிமைப்படுத்தும் விடுதிக்கு அனுப்ப அன்று விதி இடம் தந்தது. நோய்வாய்ப்பட்டால் காப்பீடு உதவும். நோயே இல்லாமல் அடைபட்டால் அந்த விடுதிச் செலவை யார் தருவார் என்பது பாலிசியின் சிறிய எழுத்துகளைப் பொறுத்தது. எங்களுக்கு அப்படி நேரவில்லை. நேரவில்லை என்பது திட்டத்தின் சிறப்பாகாது, எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது, வாங்கிய பொருள் கையில் இருக்கும்போதே அதன் உருவம் மாறிக்கொண்டே இருந்தது. 14 இரவுகளுக்குப் பிறகு பாங்காக் போகலாம் என்று திட்டமிட்டு வந்தவர்களை, ஜூலை 12 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 4 மணி வரை நடைமுறைக்கு வந்த ஊரடங்கு எதிர்கொண்டது. ஜூலை 21 முதல் தொற்று மிகுந்த மாகாணங்களுக்கான உள்நாட்டு விமானங்களும் நிறுத்தப்பட்டன. ஆகஸ்ட் 3 அன்று புக்கெட், நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குத் தன் வாசலைச் சாத்தியது. தீவை நிலத்தோடு இணைக்கும் பாலங்கள் ஒரே இடத்தில் இருப்பதால் இது எளிதாகவும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த நான் கடற்கரையில் நடந்துகொண்டிருக்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்லாந்துக் குடிமகன் உரிய காரணம் காட்டாமல் உள்ளே வர முடியவில்லை. இந்த முரணை எந்த விடுதியின் காலை உணவும் மறக்கச் செய்யவில்லை.

தீவுக்காரர்களுக்கும் எரிச்சல் இருந்தது; அதற்கு இன்னும் ஆழமான காரணங்கள் இருந்தன. 2019-ல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4 கோடி பேர். 2021 முழுவதும் வந்தவர்கள் 5 லட்சத்துக்கும் குறைவு. புக்கெட்டின் வருவாயில் பெரும்பங்கு சுற்றுலாவிலிருந்து வருவது என்பதால், பிற மாகாணங்களுக்கு முன்பே தடுப்பூசியை இங்கே கொண்டுவந்து, மக்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் போட்டுத்தான் தீவைத் திறந்தார்கள். ஆனால் முதல் மூன்று மாதங்களில் 1 லட்சம் பேரை எதிர்பார்த்த இடத்தில் வந்தவர்கள் 40,000 பேருக்கும் குறைவு. வந்த சிலரையும் தரச்சான்று பெற்ற விடுதிகளே தங்கவைக்க முடியும் என்பதால், சான்று பெறாத சிறு விடுதிகளுக்கு அந்தப் பணம் எட்டவில்லை.

பிற தீவுகளோடு ஒப்பிட்டால் புக்கெட் நடுவில் நிற்கிறது. மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்றே எல்லையைத் திறந்துவிட்டது. ஒரு தீவில் ஒரு ரிசார்ட் என்ற அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்ததால், பயணியைக் கண்காணிக்கத் தனிப் பொறிமுறை பெரிதாகத் தேவைப்படவில்லை. பாலி 2021 அக்டோபர் 14 அன்று 19 நாடுகளுக்குத் திறந்துவிட்டதாக அறிவித்தது, ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடிப் பயணிகள் விமானம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்து இறங்கியது. மாலத்தீவின் எளிமை புக்கெட்டில் இல்லை, பாலியைப் போல வெறும் அறிவிப்போடும் அது நின்றுவிடவில்லை.

பின்னர் வந்த திருத்தங்கள் திட்டத்தை வாங்கத்தக்கதாக்கின. 2021 அக்டோபர் 1 முதல் 14 இரவுகள் 7 ஆகக் குறைந்தன. நவம்பர் 1 முதல் நுழைவுச் சான்றிதழுக்குப் பதிலாக ‘தாய்லாந்து பாஸ்’ வந்தது, 63 நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே இரவு காத்திருப்போடு நாட்டுக்குள் போக முடிந்தது. டிசம்பர் 22 அன்று ஒமிக்ரான் அச்சத்தால் அந்தக் குறுகிய வழி புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டபோது, எஞ்சி நின்ற சுலபமான வழி இதே சாண்ட்பாக்ஸ்தான். என் மதிப்பெண், நான் வாங்கிய ஜூலைப் பதிப்புக்கு ஐந்துக்கு இரண்டரை. ஏழு இரவுப் பதிப்புக்கு மூன்றரை தருவேன், நெருங்கிய தொடர்பு விதிக்கான செலவைத் திட்டமே ஏற்றிருந்தால் நான்கும் தந்திருப்பேன்.