சக்கரம் அருமை, டேப் சுமார்: குட்டிக் கார்களுக்கான ஒரு மாற்றுப் பெட்டி

1:64 அளவிலான (நிஜக் காரில் 64இல் ஒரு பங்கு) உலோகக் கார்களைப் பிரித்து, பழைய வண்ணத்தை நீக்கி, சக்கரம் மாற்றி மீண்டும் பூட்டும் பொழுதுபோக்கில் நான் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை டிரில் பிட்டை ஒரு கடையிலும், சக்கரங்களை வேறொருவரிடமும், டீக்கால் தாளை (நீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப்படத் தாள்) இன்னோர் இடத்திலுமாகத் தேடித்தான் வாங்கி வந்தேன். இவை அனைத்தையும் ஓர் இணைய விற்பனையாளர் ஒரே பெட்டியில் அடைத்து 1,450 ரூபாய்க்குத் தருகிறார் என்று அறிந்து வரவழைத்தேன். ஹாட் வீல்ஸ் டாட்சன் 510 ஒன்றில் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் சக்கரங்களைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கொடுத்த பணத்திற்கு உரிய பொருள் அவைதான். 200 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரணக் கார்களில் டயரும் ரிம்மும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருக்கும். தடத்தில் விரைந்து ஓட அது போதும், ஆனால் அலமாரியில் நிறுத்திப் பார்த்தால் பொம்மை என்பது அங்கேதான் வெளிப்பட்டுவிடும். ஹாட் வீல்ஸைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனமே 1983இல் ரியல் ரைடர்ஸ் என்ற பெயரில் ரப்பர் டயர் கார்களைக் கொண்டுவந்தது என்றாலும், இன்றும் அவை விலை கூடிய வரிசைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. இந்தப் பெட்டியில் உள்ள 10 மி.மீ. சக்கரங்களின் எட்டு ஆரங்களும் பிசிறில்லாமல் வார்க்கப்பட்டுள்ளன, டயரைக் கழற்றி மாட்டவும் முடிகிறது. சக்கர அச்சு இன்னும் சிறப்பு: ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, இரு பக்கக் கம்பிகளையும் ஒரே பித்தளைக் குழாய்க்குள் செருக வேண்டும். எவ்வளவு உள்ளே தள்ளுகிறோமோ அவ்வளவு அகலம் குறையும் என்பதால், குழாயைச் சரியான நீளத்திற்கு வெட்டிக்கொண்டால் எந்த வண்டிக்கும் பொருந்திவிடுகிறது. என் டாட்சனில் டயர், மட்கார்டு விளிம்போடு மயிரிழை வெளியே வராமல் நின்றது.

கருவிகளைப் பற்றி இப்படிச் சொல்ல இயலவில்லை. காரின் மேல்கூடும் அடித்தட்டும் முன்னும் பின்னுமாக இரண்டு ரிவிட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். 4 மி.மீ. பிட்டால் ரிவிட்டின் தலையைச் சீவி எடுத்து, அதன் கீழுள்ள தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு, எம்2 டேப்பால் (2 மி.மீ. திருகுக்கு மரை வெட்டும் கருவி) மரை வெட்டினால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருகைக் கழற்றி மாட்டலாம். மேல்கூடு துத்தநாகக் கலவை, மிருதுவானது. வேலை கடினமே அல்ல. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று பொறுமையாகத்தான் திருப்பினேன். முன்தூணில் மரை ஒழுங்காக விழுந்தது. பின்தூணில் மூன்றாவது சுற்றிலேயே டேப் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் துளைத்து எடுக்கவும் வழியில்லை. கோயம்புத்தூரில் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் மிச்சத் துண்டைக் காட்டியபோது, கடைக்காரர் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது ஹெச்.எஸ்.எஸ். இல்லீங்க, சும்மா கார்பன் ஸ்டீல்ங்க" என்றார். ஹெச்.எஸ்.எஸ். என்பது வெட்டுக் கருவிகளுக்கான உறுதியான எஃகு. பெட்டியில் கொடுத்துள்ள திருகுகளும் அப்படித்தான், இரண்டாம் முறை கழற்றும்போதே தலையின் பள்ளம் வழுக்கிவிடுகிறது.

அச்சுக் குழாயை உடனடிப் பசையால் ஒட்டும்படி குறிப்புத்தாள் சொல்கிறது. இதை நான் நம்பியிருக்கக் கூடாது. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி, மூடிய கூட்டுக்குள் வெளியேற வழியின்றிப் பிளாஸ்டிக் கண்ணாடியில் வெண்மையாகப் படிந்துவிடும். நான் அவசரப்பட்டுக் கூட்டை மூடியதால், என் வண்டியின் முன்கண்ணாடி இப்போது மார்கழிக் காலைப் பனி பிடித்ததுபோல் இருக்கிறது. இரு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையை ஊசிமுனை அளவு தொட்டு வைத்து, ஓர் இரவு திறந்தே வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது. முறிந்த டேப் கிடக்கும் பின்பக்கத்தையும் கடைசியில் எபாக்ஸியால்தான் ஒட்டினேன்.

டீக்கால் தாள் என் மனக்குறையைப் பாதி தீர்த்தது. பீட் பிராக்கின் பி.ஆர்.இ. பந்தய அணிக்காக ஓட்டுநர் ஜான் மார்ட்டன் 1971, 1972 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத் தொடரின் 2.5 லிட்டருக்குட்பட்ட பிரிவில் பட்டம் வென்ற டாட்சன் 510இன் எண் 46. அதே எண் இத்தாளில் இருக்கிறது. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியால் வெள்ளை நிறத்தை அச்சிட முடியாது என்பதால், நாமே தயாரிக்கும் டீக்கால்கள் அடர்ந்த வண்ணத்தின் மேல் மங்கிப்போகும். இதில் எண்ணுக்கு அடியில் வெள்ளைப் பூச்சு இருப்பதால் நீலத்தின் மேலும் பளிச்சென்று தெரிகிறது. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவைத்ததும் தானாக வழுக்கி வந்து கதவில் அமர்ந்தது. கதவு இடுக்கில் மட்டும் சற்றுச் சுருங்கியது; அதற்கு டீக்காலை இளக்கும் திரவம் தனியே வாங்க வேண்டும். பெயிண்டும் பெயிண்ட் ரிமூவரும் பெட்டியில் இல்லை. அந்த வேலைகளைக் கையுறை போட்டு மொட்டை மாடியில் வைத்துச் செய்வதே நல்லது.

டேப் முறிந்ததை எழுதியதும் விற்பனையாளர் மறுபேச்சின்றி வேறொன்று அனுப்பினார். அதுவும் அதே ரகம். ஆனால் சக்கரங்களை மட்டும் தனியாக 550 ரூபாய்க்குத் தருகிறார். கோவைக் கடையில் வாங்கிய டேப் கையில் இருப்பதால், அடுத்த வண்டிக்கு அச்சக்கரங்களில் இரண்டு செட் மட்டும் சொல்லியிருக்கிறேன்.