தென்கோடிக் கடலில் படகேற எந்த மாதம்?

பாம்பன், குருசடைத் தீவு, தனுஷ்கோடி, கன்னியாகுமரி என்று குடும்பத்தோடு ஒரு சுற்று போகலாம் என்று பேச்சு எழுந்தபோது, வீட்டில் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மே விடுமுறை. மாமாவுக்கு ஆடி அமாவாசை. இன்னொருவருக்குத் தீபாவளியை ஒட்டிய நாட்கள். கடைசியில் மாசியில் போனோம். இப்போது யார் கேட்டாலும், தை பாதியிலிருந்து பங்குனி வரை என்றுதான் சொல்கிறேன். அப்போது வெயில் தணிவு, மழை இல்லை, அறை சுலபமாகக் கிடைக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகு கிளம்புமா, கிளம்பாதா என்பதை முடிவு செய்வது காற்று. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் இரண்டு கடலும் ஒரே நேரத்தில் தெரியும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வடக்கு பெண் கடல், தெற்கு ஆண் கடல். வைகாசி கடைசியில் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தெற்குப் பக்கம் நுரை நுரையாகப் பொங்கும். அதே நேரத்தில் வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழ். வடக்கு கொந்தளிக்க, தெற்கு ஓரளவு அடங்கிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் இதை அனுசரித்துத்தான் படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். சுற்றுலா போகிற நாம் எந்த மாதம் என்று மட்டும் யோசித்தால் போதாது, எந்தக் கடல் என்றும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

முதலில் ஆனி, ஆடி. முப்பந்தலில் காற்றாலைகளை விடாமல் சுற்றவைக்கிற காற்றுதான் அப்போது மன்னார் வளைகுடாவிலும் அடிக்கிறது. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு இந்த மாதங்களில் வாடிக்கை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகும் கடல் சீற்றத்தால் அடிக்கடி நின்றுவிடும். குருசடைத் தீவு தென்கடலில் இருப்பதால் அங்கேயும் இதே சிக்கல். "தெக்க ஏறாதுண்ணே, வடக்க வேணா போலாம்" என்று பாம்பனில் ஒரு படகுக்காரர் சொன்னதுதான் ஆடி மாதத்துக்கான சரியான வழிகாட்டி. வடக்கே, தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். ஆனால் ஆடியில் நான் அங்கே படகேறியதில்லை. கேட்டு அறிந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. ஒக்கி 2017 நவம்பர் கடைசியில் வந்தது, கஜா 2018 நவம்பரில். புயல் இல்லாத வாரமாக அமைந்தாலும் பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பதிவு செய்து குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

மே மாதம்தான் ஆளை ஏமாற்றும். சித்திரை, வைகாசித் தொடக்கத்தில் கடல் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும், துறையே அமைதியாகத் தெரியும். ஆனால் கள்ளக்கடல் என்ற ஒன்று இருக்கிறது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எழும் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாதபோது கரையில் வந்து ஏறும். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2024 மே மாதம் அப்படி வந்த அலையில் கடற்கரையில் இருந்த ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, மே மாதத்தில் கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் யாரும் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் அழைத்துப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். பவளப்பாறை பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அது பெரிய அளவில் நடந்தது.

சரி, மாசிக்கு வருவோம். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்காத இடைவெளி அது. இரண்டு கடலும் ஒன்றாக அடங்கியிருக்கிற காலம் வேறு எப்போதும் இவ்வளவு நீளமாகக் கிடைக்காது. மழைக்காலக் கலங்கலும் தெளிந்துவிடும். நங்கூரம் போட்டதும் எட்டிப் பார்த்தேன்: கயிறு தண்ணீருக்குள் இறங்கி, மணலைத் தொடுகிற இடம் வரைக்கும் தெரிந்தது. பக்கத்தில் கடற்புல் ஒரே திசையில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிவாக்கில் கடல்காற்று கிளம்பி மேற்பரப்பு சிலிர்த்ததும் அந்தக் காட்சி உடைந்துபோனது. அதனால் மாசியிலும் காலையில் கிளம்பும் முதல் படகைத்தான் பிடிக்க வேண்டும். குருசடைக்குப் படகு கிளம்புவது குந்துகாலிலிருந்து. 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம் அது. அவர் வந்ததும் தை மாதத்தில்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இதே பருவத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளையும் பார்க்கலாம்.

கன்னியாகுமரிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் படகுத்துறை வரிசை நகரவே நகராது. பொங்கல் கழிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்திலும் நிதானமாக நின்று கீழே அலையைப் பார்க்க முடியும்.

மாசியிலும் குறை இல்லாமல் இல்லை. தை முழுக்கவே சில வருடங்களில் வாடை விடாமல் வடகடலை ஆட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தை பாதிக்குப் பிறகு என்று சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்து படகு தாமதமாவதும் உண்டு. தேதி குறிக்கும்போது நாள்காட்டியில் அந்த இரண்டு நாட்களுக்கும் முன்பின் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறைதான் வழி என்றால், தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போய்விடுங்கள், வைகாசிக் காற்று வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறவர்கள் படகை வடகடலோடு நிறுத்திக்கொண்டு, குருசடையை அடுத்த மாசிக்கு வைத்துக்கொள்ளலாம்.