கத்திய பெல்ட்டும் நம்பியூர் ஒர்க்‌ஷாப்பும்

ஊருக்குப் போனால் மச்சானின் பழைய டீசல் கார்தான் எனக்கு. இந்த முறை ஏசியைப் போட்டாலே பானெட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு கத்தல். கோயமுத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினோம். சோபா, காபி, வைஃபை எல்லாம் உண்டு. வண்டிப் பக்கம் மட்டும் விட மாட்டார்கள். பெல்ட்டோடு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தோம்.

அவிநாசியிலிருந்து கோபி போகிற வழியில், நம்பியூர் பக்கம் மச்சானுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் தூக்கியதும், "இங்க வந்து நில்லுங்க தம்பி. கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க" என்றார்.

அந்தக் காலத்து அரிசி மில்லில் ஒரே மோட்டார் எல்லா மெஷினையும் பெல்ட் போட்டுச் சுற்றுமே, அதே கதைதான். கீழே இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்க் புல்லி. அதிலிருந்து ஒரே பெல்ட் வளைந்து வளைந்து ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றையும் இழுக்கிறது. பெல்ட்டின் வரிப் பக்கம் வரி போட்ட புல்லியில் உட்காரும். வழுவழுப்பான முதுகு வழுவழுப்பான புல்லியை உருட்டும்.

ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் ஏன் இத்தனை சின்னது என்று கேட்டேன். மெதுவாகச் சுற்றினால் அது சார்ஜ் ஏற்றாது. கிராங்க் புல்லி அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பெரியது என்பதால், வண்டி நின்றபடி இன்ஜின் ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றும்போதே ஆல்டர்னேட்டர் 2000-க்கு மேல் சுற்றிவிடும். ஆனால் சின்ன புல்லியில் பெல்ட் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் குறைவு. லோடு ஏறினால் முதலில் வழுக்குவது அங்கேதான். பெல்ட்டை நன்றாகச் சுற்றி அணைக்க வைக்கத்தான் பக்கத்தில் ஐட்லர் என்கிற, சும்மா சுற்றுகிற ஒரு புல்லி. மொத்தத்தையும் விறைப்பாகப் பிடித்திருப்பது ஸ்பிரிங் வைத்த டென்ஷனர்.

பாட்டிலிலிருந்து வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கத்தல் அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட்டில் விறைப்பு போதவில்லை. கூடியது. இன்ஜினை நிறுத்தி, டென்ஷனரில் ஸ்பானரைப் போட்டு அழுத்தி பெல்ட்டைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுண்டிச் சுற்றினார். ஆல்டர்னேட்டர் சத்தமே இல்லாமல் சுற்றியது. ஐட்லர் மட்டும் கரகரவென்றது. பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது. டென்ஷனர் கையும் ஆடியது.

பெல்ட்டில் வெடிப்பே இல்லையே என்றேன். "இப்ப வர்ற ரப்பர் வெடிக்காதுங்க, தேயும்" என்று புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழசில் வரிப் பள்ளங்கள் அகன்று போயிருந்தன.

டென்ஷனர் மட்டும் கடையில் இல்லை. கோயமுத்தூருக்குப் போன் போட்டு, கோபி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது, ஏசியைப் போட்டாலும் சத்தமில்லை. பேட்டரி லைட் எரிந்து ஸ்டீயரிங்கும் கனத்தால் பெல்ட் போய்விட்டது என்று அர்த்தம், வாட்டர் பம்பும் நின்றிருக்கும், சூடேறுவதற்குள் ஓரம் கட்டுங்கள் என்று மச்சானிடம் இரண்டு தடவை சொன்னார். பில்லை மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.