மூணு கால் நாய்க்கு எது தேவை, எது தண்டச் செலவு: கொங்குக் கடைவீதியில் ஒரு அலசல்

ஆபரேஷன் செய்து ஒரு காலை எடுத்த நாய் ஆஸ்பத்திரியில் எழுந்து நின்று, நாலு எட்டு நடந்தும் காட்டிவிடும். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளிலேயே நடக்கின்றன. வீட்டுக்குக் கூட்டி வந்ததும் வாசற்படியைத் தாண்டிப் படுத்ததுதான், எழாது. வலி என்றும் பயம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் குற்றவாளி நம் வீட்டு விட்ரிஃபைடு டைல்ஸ். அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு தரைக்கு, அடுத்தது வலி மாத்திரைக்கு. நாயின் உடம்பில் மாட்டும் சாமான்களுக்கு மிச்சம் இருந்தால் போதும். ஆன்லைனில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விற்கிறார்கள்.

நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது, 40 சதவீதம் பின்னங்கால்களில். 30 கிலோ லேப்ரடார் நாய்க்கு முன்பக்கம் மட்டும் 18 கிலோ, அதாவது காலுக்கு 9. அதில் ஒன்று போனால் மிஞ்சிய ஒற்றை முன்னங்கால்தான் அந்தச் சுமையில் பெரும்பகுதியை வாங்குகிறது. அது சறுக்கினால் தாடையும் நெஞ்சும் தரையில் அடிக்கும். பின்னங்கால் போன நாய் இதைவிடச் சுலபமாகத் தேறும். அதற்குச் சறுக்கல் திரும்பும்போதுதான் வரும். ஆக, எந்தக் கால் போனது என்பதைப் பார்த்துத்தான் எதையும் வாங்க வேண்டும்.

தரைக்கு முதலிடம் பவானி ஜமக்காளத்துக்கு. கல்யாண வீட்டில் விரிக்கும் அதே சாமான்தான். தடித்த நூலில் தட்டையாக நெய்தது, மேலே புசுபுசுவென்று இழை எழும்பாது. நகம் மாட்டாமல் பிடிமானம் மட்டும் கிடைக்கிறது. பவானியில் இரண்டு வகை உண்டு: கரடான பருத்தி நூலில் வண்ணப் பட்டை போட்டது ஒன்று, செயற்கைப் பட்டு நூலில் பூவேலை, கரை வைத்தது இன்னொன்று. இரண்டாவது பார்க்க அழகு, பாதத்துக்கு வழுக்கல். "நாய்க்கு விரிக்கறதுக்குங்க, கரடா இருக்கறதே குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். குறை இரண்டு. சாயம் விடலாம், முதலில் ஒரு முறை தனியாக உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டு விரியுங்கள். அடுத்தது, டைல்ஸ் மேல் ஜமக்காளமே சேர்ந்து வழுக்கும். அடியில் ஆன்டி ஸ்லிப் வலை கட்டாயம். சமையலறை அலமாரியில் போடும் ரப்பர் போன்ற வலை விரிப்புதான், மீட்டர் கணக்கில் கிடைக்கும். வலை இல்லாத ஜமக்காளம் வெறும் டைல்ஸைவிட ஆபத்து. விரிப்பை நம்பிக் கால் வைக்கும், விரிப்போடு போய் விழும்.

வீடு முழுக்க விரிக்க வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு, அங்கிருந்து வாசலுக்கு, மூணடி அகலத்தில் ஒரு தடம் போதும். இடையில் ஒரு அடி இடைவெளி விட்டாலும் நாய் அந்த விளிம்பில் நின்றுவிடும்.

இரண்டாமிடம், யாரும் எதிர்பார்க்காத சாமான்: மாட்டுத் தொழுவ ரப்பர் மேட். பால் பண்ணைக்காரர்கள் கட்டுத்தரையில் போடுவது. ஏறக்குறைய நாலடிக்கு ஆறரை அடி, 15 மில்லிமீட்டருக்கு மேல் கனம். ஓராள் தூக்கத் திணறும் எடை, அதனால் போட்ட இடத்தில் கிடக்கும், நகராது. மேலே சொரசொரப்பு, கழுவினால் சுத்தம். கிண்ணம் வைக்கும் இடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இதற்கு நிகர் இல்லை. புது ரப்பர் வாடைக்கு நாய் முகத்தைத் திருப்பும்; நாலைந்து நாள் நிழலில் காற்றாட விட்டு அப்புறம் போடுங்கள். வெயில் விழும் இடத்தில் போட்டால் பாதம் பொரிந்துவிடும், சித்திரையில் கேட்கவே வேண்டாம்.

யோகா மேட் அவசரத்துக்குப் பரவாயில்லை. காய்ந்திருந்தால் பிடிக்கும், மூத்திரம் பட்டால் வழுக்கும். குழந்தைகளுக்கு விற்கும் ஜிக்சா ஃபோம் துண்டுகளை வாங்கவே வேண்டாம். நகத்தில் பிய்ந்து, பிய்ந்ததைத் தின்று குடல் அடைத்துக்கொண்டால் இன்னொரு ஆபரேஷன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் மிதியடி வாசற்படிக்கும் சாய்வுப் பலகைக்கும் நல்லது, படுக்க லாயக்கில்லை. நார் முனை தையலில் குத்தும். பலகை வைப்பதாக இருந்தால் ஒரு அடி உயரப் படிக்கு நாலடி நீளம், அகலம் ஒன்றரை அடிக்குக் குறையாமல். மூணு கால் நாய் நேர்கோட்டில் நடக்காது, பக்கவாட்டில் தத்தும்.

செலவே இல்லாத ஒன்று: உள்ளங்கால் மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த மயிரைக் கத்தரித்து நகத்தையும் வெட்டிவிடுவது. நகம் நீண்ட நாய் எந்த விரிப்பிலும் சறுக்கும்.

அடுத்து, நக்கவிடாமல் தடுப்பது. ஆஸ்பத்திரியில் தரும் பிளாஸ்டிக் கூம்பு வேலையைச் செய்யும். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு அங்குலம் நீள வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஆனால் மூணு காலில் தத்தும் நாய்க்குக் கூம்பின் விளிம்பு படியிலும் விரிப்பிலும் இடித்துக்கொண்டே இருக்கும். முன்னங்கால் இல்லாத நாய் ஒவ்வொரு இடிக்கும் ஒரு தடவை விழும். காற்றடைத்த கழுத்துப் பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீண்ட மூஞ்சி உள்ள நாட்டு நாய் வளைந்து இடுப்புத் தையலை எட்டிவிடும்.

இதற்கு மாற்று திருப்பூர் பனியன். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சமும் செகண்ட்ஸும் அடுக்கியிருக்கும்; ஒரு கூம்பின் விலைக்கே இரண்டு மூன்று தேறும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது: காட்டன், 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணிக் கனம்) சிங்கிள் ஜெர்சி. இழுபடும் லைக்ரா நூல் கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் வேண்டாம், புழுங்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அதைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாக உள்ள சைஸ் எடுங்கள். நிறம் வெள்ளை. அழுக்காகும் என்று கருப்பு வாங்குபவர்கள் முக்கியமான ஒன்றை இழக்கிறார்கள்: தையலிலிருந்து என்ன கசிகிறது என்று வெள்ளைத் துணிதான் காட்டும். வெளிர் சிவப்பில் காசளவு ஈரம் முதல் சில நாள் இருக்கலாம். மஞ்சளோ பச்சையோ, கூடவே நாற்றமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம்.

மாட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பனியனை உள்வெளியாகத் திருப்பினால் ஓவர்லாக் தையல் வெளியே வந்துவிடும், காயத்தில் உரசாது. முன்னங்காலை எடுக்கும்போது வழக்கமாகத் தோள்பட்டை எலும்போடு சேர்த்தே எடுப்பார்கள். வெட்டு நெஞ்சோரம் நீளமாக இருக்கும். அந்தப் பக்கக் கையை வெளிப்புறமாக மடித்துத் தைத்துவிடுங்கள், தொங்கவிட்டால் காலில் சிக்கும். தொங்கும் விளிம்பை முதுகுக்கு மேலே சுருட்டி முடிச்சுப் போட வேண்டும். வயிற்றுக்கு அடியில் முடிச்சு வந்தால் படுக்கும்போது அழுத்தும், ஆண் நாய் என்றால் மூத்திரத்தில் நனையும். பின்னங்கால் எடுத்ததற்குப் பனியன் எட்டாது. ஆண்கள் டிரங்க் ஜட்டி ஒன்றை முன்பின்னாக மாட்டுங்கள். முன்பக்கத் திறப்பு வாலுக்கு வழியாகிவிடும். வெளியே கூட்டிப்போகும் ஒவ்வொரு முறையும் கழற்றியாக வேண்டும், அந்தத் தொல்லை இருக்கிறது. எதுவானாலும் மூன்று உருப்படி வாங்கித் தினமும் மாற்றுங்கள். ஈரத் துணி தையல் மேல் கிடக்கக் கூடாது. பகலில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பனியன், ராத்திரியில் கூம்பு என்பதே சரியான ஏற்பாடு. தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதுவரை குளியலும் கிடையாது.

தூக்கிப் பிடிக்க விலை கூடிய பெல்ட்டுகள் வருகின்றன. முதல் வாரத்துக்கு ஈரிழைத் துண்டு போதும். பெரிய நாய் என்றால் சென்னிமலைப் போர்வையை நாலாக மடியுங்கள். பின்னங்கால் இல்லாததற்கு அடிவயிற்றில், மிஞ்சிய தொடைக்குச் சற்று முன்னால் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஆண் நாய்க்குக் குறியை அழுத்தாமல். முன்னங்கால் இல்லாததற்கு நெஞ்சுக்கூட்டின் பின்பகுதியில், தையலைத் தொடாமல். தூக்கவே கூடாது, விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். முழு எடையையும் நாம் சுமந்தால் நாய் நிற்கக் கற்றுக்கொள்ளாது. காயம் ஆறிய பிறகு முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் வாங்கலாம். சாதாரண ஹார்னஸ் கால் இல்லாத பக்கம் சரியும். வயிற்றுக்கு அடியில் இரண்டு பட்டை உள்ளதுதான் நிற்கும். ரஃப்வேர் வெப் மாஸ்டர் அப்படிப்பட்டது, விலை மட்டும் கண்ணைக் கட்டும்.

படுக்கைக்கு இலவம் பஞ்சு மெத்தை வேண்டாம். உடம்பு புதைந்துபோகும், மூணு காலால் உந்தி எழ முடியாது. ரப்பர் சேர்த்த தென்னை நார் மெத்தை, 4 அங்குலக் கனத்தில், கெட்டியாக இருக்கும், காற்றும் போகும். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேலே பருத்திப் போர்வை. கோணிச்சாக்கு மட்டும் கூடாது, தும்பு தையலில் ஒட்டும். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) வளரும் நாயாக இருந்தாலும் தையல் பிரிக்கும்வரை கட்டுத்தரைப் பக்கம் விடாதீர்கள். ஈ மொய்த்து முட்டை வைத்தால் ஒரு நாளிலேயே புழு வந்துவிடும். படுக்கைக்கு மேல் ஒரு கொசுவலை கட்டுங்கள். இந்தப் பட்டியலில் விலைக்கு மேல் வேலை செய்யும் சாமான் அதுதான். மஞ்சள், வேப்பெண்ணெய், டெட்டால் எதுவும் தையல் மேல் போட வேண்டாம். டாக்டர் கொடுத்தது மட்டும் போதும்.

மருந்துக்கடையில் வாங்க வேண்டியது ஒரு ஜெல் ஐஸ் பேக். முதல் 2, 3 நாள், துணி சுற்றி, 10 முதல் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. வீக்கமும் வலியும் தணியும். நாலாம் நாள் வாக்கில் காயத்தின் அடிப்பக்கம் நீர் கோத்துத் தளதளவென்று தொங்கினால் பதற வேண்டாம், ஊசி போட்டுக் குத்தி எடுக்கவும் வேண்டாம். போட்டோ எடுத்து டாக்டருக்குக் காட்டுங்கள். பெரும்பாலும் தானே வற்றிவிடும். சூடாகவோ சிவந்தோ இருந்தால் நேரில் போக வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ உடுமலைக் கல்லூரியோ, தூரம் போவதாக இருந்தால் காரின் பின்சீட்டுக்கு முன்னால் உள்ள பள்ளத்தைத் தலையணை வைத்து நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் போடும்போது நாய் அதற்குள்தான் விழும்.

வலி மாத்திரையில் சிக்கனம் பிடிக்காதீர்கள், கைவைத்தியமும் பார்க்காதீர்கள். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவை சாப்பாட்டுக்குப் பிறகே. கருப்பாகத் தார் போல வெளிக்குப் போனாலோ, வாந்தி எடுத்தாலோ, உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் நாய்க்கு விஷம். நரம்பு வலிக்குக் காபாபென்டின் எழுதித் தந்தால் மனிதர்களுக்கான சிரப்பை வாங்க வேண்டாம், சிலவற்றில் நாயைக் கொல்லும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அந்த மருந்தில் தள்ளாட்டமும் தூக்கமும் வரும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. இல்லாத கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துச் சட்டென்று கத்துகிறதா? அது நரம்பு வலியாக இருக்கலாம், ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகாததற்குக் கவலைப்பட வேண்டியதில்லை, ஆபரேஷன் மருந்துகள் அப்படிச் செய்யும். மூத்திரம் போகாவிட்டால்தான் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

கிண்ணம் வைக்கும் ஸ்டாண்டு முன்னங்கால் இல்லாத நாய்க்கு மட்டும் தேவை. தலையைத் தாழ்த்தினால் எடை முழுக்க ஒற்றைக் காலில் சாயும். நெஞ்சு உயரத்தில் வைத்தால் சாயாது. கவிழ்த்த பாண்டு (சிமென்ட் சுமக்கும் சட்டி) ஒன்று போதும், ஸ்டாண்டு வாங்காதீர்கள். சக்கர வண்டியும் செயற்கைக் காலும் காட்டி ஆசை காட்டுவார்கள். ஒரு கால் மட்டும் போன நாய்க்குச் சக்கர வண்டி பெரும்பாலும் தேவைப்படாது. மேலிருந்தே எடுத்துவிட்டால் செயற்கைக் காலை மாட்டக் காலில் மிச்சத் துண்டே இல்லை. அந்தப் பணத்தில் தராசு ஒன்று வாங்குங்கள். நடை குறையும்போது சோறும் குறைய வேண்டும்; விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கூடும் ஒவ்வொரு கிலோவும் மிஞ்சிய மூட்டுகளில்தான் இறங்கும்.

நடை முதல் இரண்டு வாரம் கயிற்றில்தான், ஐந்தைந்து நிமிஷமாக நாலு தடவை. தத்தி நடப்பதற்குச் சக்தி கூடுதலாகச் செலவாகும், சீக்கிரம் மூச்சு வாங்கும். கோடையில் காலை 7 மணிக்கு முன், பொழுது சாய்ந்த பின் மட்டும். தோட்டத்தில் விட ஆரம்பித்த பிறகு, வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நெருஞ்சி முள் ஏறினால் நாலு கால் நாய் காலைத் தூக்கிக் காட்டும். மூணு கால் நாய்க்குத் தூக்க முடியாது. முள்ளை மிதித்துக்கொண்டே நடக்கும், அல்லது பேசாமல் படுத்துவிடும்.