சிம்மக்கல் பக்கம் ஒரு கறி தோசை கடை

சென்னைல இருந்து கெளம்பும்போதே ஆஃபீஸ்ல "மதுரைக்காரங்ககிட்ட பாத்துப் பேசு, பட்டுனு அருவாள தூக்கிருவாங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க, எல்லாம் சினிமா பாத்து வந்த பயம். ராத்திரி 11 மணி, சிம்மக்கல் பக்கம் சின்ன கடை, நல்ல கூட்டம். கல்லுல கனமா மாவ ஊத்தி, முட்டைய உடைச்சு விட்டு, மேல வெந்த மட்டன் கொத்துக்கறிய பரப்பி திருப்பிப் போட்டு எடுக்குறாங்க, ஓரம் மொறுமொறுன்னு உள்ள பஞ்சு மாதிரி, செம்ம டேஸ்ட்டு. காரம் ஏறி எனக்கு இருமல் வந்ததும் மாஸ்டர் கரண்டிய அப்படியே வச்சுட்டு "தம்பி, அங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க"ன்னு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு, குரல் சத்தமாத்தான் இருந்துச்சு ஆனா அது கோவம் இல்லைங்க, அவரு பேச்சே அப்படி. கொழம்புல மட்டும் எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த வாட்டி குடும்பத்தோட போவேன்.