தடைக்கால மாலைகளில் சீனப் பாடம்: ஓர் எட்டு வார வகுப்பைப் பற்றி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். கடல் உணவு ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கெழுதும் எனக்கும் அப்போது வேலை பாதியாகிவிடும். எங்கள் இறாலில் ஒரு பங்கு சீனாவுக்குப் போகிறது. அந்த நாட்டைப் பற்றிச் சுங்கப் படிவங்களுக்கு அப்பால் எதுவும் தெரியாதே என்ற குறை நெடுநாளாக இருந்தது. இராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையம், சீன அரசையும் சமூகத்தையும் பற்றி எட்டு வார வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் மாலை இரண்டு மணி நேரம். அச்சிட்ட குறிப்புகளையும் சேர்த்துக் கட்டணம் 800 ரூபாய்.

முதல் வகுப்பு பெரியபட்டினத்தில் தொடங்கியது. அங்கே அகழாய்வில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளின் படங்களை ஆசிரியர் காட்டினார். கீழக்கரையிலிருந்து வந்திருந்த மாணவர்கள் நிமிர்ந்து உட்கார அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் வாரம்தான் உண்மையான பாடம். சீனாவில் ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டு நாற்காலிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆசிரியர்: ஒன்று அரசுடையது, மற்றொன்று 1921இல் தோன்றிய கம்யூனிஸ்ட் கட்சியுடையது, நகரத்தின் மேயரைவிட அந்நகரத்தின் கட்சிச் செயலாளரே மேலானவர், மாகாணத்திலும் அப்படியே. ஏறத்தாழ பத்துக் கோடி உறுப்பினர்கள் கொண்ட அந்தக் கட்சியின் உச்சியில் அரசியல் தலைமைக் குழுவின் நிலைக்குழு இருக்கிறது. இப்போது அதில் ஏழே பேர். இங்கே குறிப்புகளில் ஒரு சறுக்கல் உண்டு. மாகாண நிர்வாகத் தலைவரை 'ஆளுநர்' என்று மொழிபெயர்த்துவிட்டதால், கிண்டி மாளிகையில் இருப்பவரை மனத்தில் வைத்துப் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். அவர் செய்யும் வேலை நம் முதலமைச்சருடையதற்கு நெருக்கமானது.

சுமார் 3,000 பேர் கொண்ட தேசிய மக்கள் பேரவை ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கூடுவதையும், அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை 2018இல் நீக்கியபோது ஆதரவாக 2,958 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் விழுந்ததையும் ஆசிரியர் சொன்னபோது, பின்வரிசையிலிருந்த படகு உரிமையாளர் ஒருவர், "அந்த ரெண்டு பேரு யாரு சார்?" என்று கேட்டார். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் தெரியாது என்று பதில் வந்தது. எங்கள் பகுதிச் சங்கத் தேர்தல்களில் விழும் எதிர்வாக்குகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த வகுப்பின் சிறப்பு நான்காம் வாரத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரமும் மனு கொடுப்பதைப் பற்றியே பேசினார்கள். பழைய சீனத்தில் குறையுள்ள குடிமகன் அடிப்பதற்காக அரசவைக்கு வெளியே முரசு வைத்திருந்தார்களாம். நம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை யாரும் நினைவூட்டவே தேவையில்லாமல் போயிற்று. இன்றைய சீன மக்கள் குடியரசிலும் 'கடிதமும் நேர்வருகையும்' என்ற பெயரில் மனு வாங்கும் அலுவலகங்கள் மாவட்டம் முதல் பெய்ஜிங் வரை இருக்கின்றன. நம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தைப் போன்றதுதான் என்று நினைக்கும்போதே வேறுபாட்டை விளக்கினார் ஆசிரியர். நிலம் பறிபோனவர் உள்ளூரில் நீதி கிடைக்காமல் தலைநகரத்துக்குப் புறப்பட்டால், அப்படிப் போனவர்களின் எண்ணிக்கை உள்ளூர் அதிகாரியின் பெயருக்குக் கறையாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே அதிகாரிகள் ஆட்களை அனுப்பி மனுதாரரை மறித்து ஊருக்குத் திருப்பி அழைத்துவரும் வழக்கம் ஏற்பட்டது. குறையைத் தீர்ப்பதைவிடக் குறை கேட்காமலிருப்பது எளிது என்று ஓர் அமைப்பு கற்றுக்கொள்ளும் விதத்தை நான் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இந்த ஒரு வகுப்புக்கே 800 ரூபாய் தகும்.

ஐந்தாம் வாரம், ஒவ்வொருவரையும் சொந்த ஊரோடு பிணைத்து வைக்கும் சீனக் குடும்பப் பதிவு முறை. பரமக்குடியிலிருந்து திருப்பூருக்குப் போய் வேலை செய்பவர் தம் பிள்ளையை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம். 1958இல் சட்டமான சீனப் பதிவு முறையிலோ, கிராமப் பதிவுடன் பெருநகரத்துக்குப் போன தொழிலாளியின் பிள்ளைக்கு நகரப் பள்ளி எளிதில் கிடைப்பதில்லை, உயர்கல்வி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்துக்கே திரும்பிப் போய் எழுத வேண்டியிருக்கிறது. இன்னும் நீட்டியிருக்க வேண்டிய இந்தப் பாடத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

எங்களில் பலர் எதிர்பார்த்திருந்தது ஆறாம் வாரத்துக் கடல் பாடத்தை. தென்சீனக் கடலில் சீனா விதிக்கும் கோடைத் தடை மே 1 முதல் ஆகஸ்ட் 16 வரை, அதாவது மூன்றரை மாதம். வியட்நாமும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் நீர்ப்பரப்பையும் அது தொடுவதால் அந்நாடுகள் எதிர்ப்புத் தெரிவிக்கின்றன. பாக் நீரிணைக் கரையில் வாழ்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? கடல் அட்டையைப் பற்றிய பேச்சும் வந்தது. சீன மொழியில் அதன் பெயர் 'கடல் ஜின்செங்' என்று பொருள்படும்; ஜின்செங் என்பது அங்கே மதிப்புமிக்க ஒரு மருந்து வேர். மருந்தாகவும் விருந்தாகவும் அங்கே அதற்கிருக்கும் மதிப்புதான், 2001இல் இந்தியா தடைசெய்த பிறகும் நம் கரையில் கடத்தல் ஓயாததன் காரணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சத்துக்குக் குறிப்பேட்டில் இரண்டே வரிகள். பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கப் போராட்டத்தைப் படை ஒடுக்கிய 1989 ஜூன் 4 வெறும் தேதியாக மட்டும் இருக்கிறது. கேட்டபோது, தேர்வில் வராது என்றார்கள். அரசியல் பண்பாட்டைக் கற்பிக்க வந்தவர்கள், மக்கள் எதைப் பேச அஞ்சுகிறார்கள் என்பதை விட்டுவிட்டால் பாடத்தின் நடுத்தூணே இல்லாமல் போகிறது. பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழாக்கி, சீன அதிபரை 'க்ஸி ஜின்பிங்' என்று அச்சிட்டிருப்பது அடுத்த குறை. 'ஷி' என்று எழுத ஓர் எழுத்துதானே செலவாகும். மாடியறையில் மின்விசிறி இரண்டுதான், மே மாதத்துக்கு அது போதாது.

குடிமைப்பணித் தேர்வு எழுதுபவருக்கும் சீனச் சந்தையோடு தொழில் தொடர்பு உள்ளவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்பு இரவு எட்டரைக்கு முடிகிறது. பாம்பன், இராமேசுவரம் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவைத்தால், கேள்வி நேரத்துக்கு முன்பே கிளம்ப அனுமதிக்கிறார்.